விடை மட்டும் பத்து மடங்கு மாறுகிறதே!

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் இயற்பியல், வேதியியல் கணக்குகளை எல்லாம் கால்குலேட்டரில் போட்டுச் சரியாக முடித்துவிடுகிறாள். அரையாண்டுத் தேர்வில் லாக் டேபிள் (மடக்கை அட்டவணை) பார்த்துப் போட்டதில் பாதி தப்பு. சூத்திரம் சரி, விடைதான் பத்து மடங்கு, நூறு மடங்கு மாறிப்போகிறது. கால்குலேட்டரைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: பத்து மடங்கு, நூறு மடங்கு என்றால் டேபிளில் எண்ணைப் பார்ப்பதில் பெரிய தப்பு இல்லை. பார் போட்ட எண்ணை, அதாவது புள்ளிக்கு முன்னால் உள்ள எண் மட்டும் மைனஸ் என்று காட்ட அதன் தலையில் கோடு போட்ட எண்ணை, கூட்டிக் கழிக்கும் இடத்தில்தான் வழுக்குகிறது. பொதுத்தேர்வுக்குள் தாராளமாகச் சரிசெய்துவிடலாம்.

0.0485 × 6.63 ÷ 0.729 என்று ஒரு கணக்கு. மேலே உள்ள இரண்டின் லாக்கையும் கூட்டினால் 1 பார் .5072. அதிலிருந்து 1 பார் .8627 போக வேண்டும். .5072இல் .8627 போகாது, கடன் வாங்க வேண்டும். வாங்கியதும் முன்னால் உள்ள 1 பார், 2 பார் ஆகிவிடும். அதில் 1 பார் போக மிச்சம் 1 பார். ஆக 1 பார் .6445, விடை 0.4411. கடன் வாங்கியதை மறந்து ‘1 பாரில் 1 பார் போனால் பூஜ்யம்’ என்று எழுதினால் 4.411 வந்து நிற்கும். உங்கள் மகளுக்கு நடப்பது அநேகமாக இதுதான்.

பாரே வராமல் போடலாம். ஒவ்வொரு எண்ணையும் புள்ளிக்கு முன் ஓரிலக்கம் வரும்படி எழுதி, பத்தின் அடுக்குகளைத் தனியாக ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். மேலே உள்ள கணக்கில் அடுக்குகள் சேர்ந்து பத்தின் அடுக்கு –1. மிச்சம் 4.85 × 6.63 ÷ 7.29. இதற்கு மட்டும் லாக் பார்த்தால் போதும்: 0.6857 + 0.8215 – 0.8627 = 0.6445. ஆன்டிலாக் (லாக்கிலிருந்து எண்ணுக்குத் திரும்புவது) 4.411, பத்தின் அடுக்கைச் சேர்த்தால் 0.4411. பிளாங்க் மாறிலி, எலக்ட்ரான் நிறை எல்லாம் புத்தகத்திலேயே இந்த வடிவில்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பார் போடுவது வீண் வேலை.

கழித்ததும் குறை எண் வந்தால், உதாரணமாக 2.5 ÷ 7.29இல் –0.4648 வரும், அதோடு 1 கூட்டி 0.5352 ஆக்கிவிட்டு அடுக்கில் 1 குறைக்க வேண்டும். குறை எண்ணுக்கு நேரடியாக ஆன்டிலாக் பார்க்கவே கூடாது. வர்க்கமூலம் வந்தால் முதலில் அடுக்கை இரட்டைப்படை ஆக்க வேண்டும்: 4.9ஐயும் அடுக்கு –31ஐயும் 49, அடுக்கு –32 என்று மாற்றினால் விடை 7, அடுக்கு –16. லாக்கே தேவையில்லை.

நாலாவது இலக்கத்தையும் விடக் கூடாது. 6.626க்கு 66ஆம் வரிசையில் 2இன் கீழே 8209. கடைசியில் உள்ள சராசரி வேறுபாட்டில் 6இன் கீழே 4. இரண்டும் சேர்ந்து 8213. அவசரத்தில் ஆன்டிலாக் பக்கத்தில் லாக் தேடுவதும் உண்டு. வரிசை 10இல் தொடங்கினால் லாக், .00இல் தொடங்கினால் ஆன்டிலாக்.

வேதியியலில் பல கணக்குகளுக்கு டேபிளே வேண்டாம். லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771, லாக் 7 = 0.8451, இந்த மூன்றும் மனப்பாடமாக இருக்கட்டும். முதல் வகை வினை 99.9 சதவீதம் முடியும் நேரம் கேட்டால் லாக் 1000, அதாவது 3. விடை, வினை பாதி முடியும் நேரமான அரை ஆயுட்காலத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு.

டேபிளைத் திறக்கும் முன்பே உத்தேச விடையை ஓரத்தில் எழுதும் பழக்கம் மிக முக்கியம். 0.05 × 7 ÷ 0.7, சுமார் 0.5. இதை எழுதி வைத்த பிள்ளை 4.411 என்று வந்தால் அப்படியே விட்டுப்போகாது. நீட், ஜேஇஇ மெயின் எழுதுவதாக இருந்தால் இது இன்னும் கைகொடுக்கும். அங்கே கால்குலேட்டரும் கிடையாது, லாக் டேபிளும் கிடையாது.

கால்குலேட்டரைப் பிடுங்க வேண்டாம். தினமும் ஐந்து கணக்கு, உத்தேசம், லாக், விடை, அலகு என்று நோட்டில் முழுதாக எழுதி முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் கொடுங்கள். விடை மாறினால் எந்த வரியில் மாறியது என்று கண்டுபிடித்து, அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிடட்டும். ஒரே வாரத்தில் எந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தப்பு வருகிறது என்று தெரிந்துவிடும்.