காப்பகத்தின் சோற்றுக் கணக்கு

வணக்கம்.

தாராபுரம் பக்கத்தில் நானும் என் அக்காவும் ஆறு வருடமாக ஒரு விலங்குக் காப்பகம் நடத்துகிறோம். இப்போது 62 நாய்கள், 11 பூனைகள். வாடகை இடம், இரண்டு வேலையாட்கள். மருத்துவருக்கும் மருந்துக்கடைக்கும் சேர்த்து 1,40,000 ரூபாய் பாக்கி. அடிபட்ட நாயின் படம் போட்டால் பணம் வருகிறது. அரிசிக்குக் கேட்டால் யாரும் கொடுப்பதில்லை. போன வாரம் அக்காவின் வளையல் அடகுக்குப் போனது. கனடாவில் இருக்கும் ஒரு தெரிந்தவர் மாதாமாதம் அனுப்புகிறேன் என்கிறார். கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தைக் கேட்கலாம் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் மூடிவிடச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

எஸ்., தாராபுரம்

அன்புள்ள எஸ்.,

கடன் எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள். மாதச் செலவு எவ்வளவு என்று எழுதவில்லை. பல காப்பகங்களில் பாக்கித் தொகை மனப்பாடமாக இருக்கும், ஒரு நாய்க்கு மாதம் என்ன ஆகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். முதலில் அதைப் போடுவோம். நான் போடும் விலைகள் உத்தேசம்தான். உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சராசரி நாட்டு நாய் 15 கிலோ இருக்கும். அதற்கு நாளொன்றுக்கு 200 கிராம் குருணை, 100 கிராம் கோழித் தலை, கால், கழுத்து. 62 நாய்க்கு மாதம் 372 கிலோ குருணை. கிலோ 35 ரூபாய் என்றால் 13,020. கோழி 186 கிலோ. 50 ரூபாய் என்றால் 9,300. இரண்டு ஆள் சம்பளம் 24,000. வாடகை 8,000. கேஸ், விறகு 5,000. மருந்தும் மருத்துவரும் 20,000. பிளீச், கரண்ட், பெட்ரோல் 8,000. மொத்தம் 87,320. நாய் ஒன்றுக்கு 1,400 ரூபாய் சொச்சம். பூனைகளை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இப்போது வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால் போன இரண்டு வயது நாய் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் போடுகிறீர்கள், 15,000 சேர்கிறது, ஆபரேஷன் முடிகிறது. பணம் கொடுத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். அந்த நாய் உங்களிடம் இன்னும் பத்து வருடம் இருக்கும். 1,400 பெருக்கல் 120 மாதம், 1,68,000 ரூபாய். அதை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. உங்கள் கடன் ஆஸ்பத்திரியில் வந்து நிற்கிறதே ஒழிய, அதைப் பெற்றது சோற்றுப் பானைதான். அரிசிக்காரர் கையில் காசு கேட்பார், மருத்துவர் பொறுத்துக்கொள்வார். ஆகவே பாக்கி எப்போதும் மருத்துவர் பக்கம் சாய்கிறது.

எனவே முதல் வேலை, இன்றைக்கே கதவைச் சாத்துவது. மூன்று மாதத்துக்குப் புதிய சேர்க்கை இல்லை என்று போர்டு எழுதி வாசலில் மாட்டுங்கள், உங்கள் இணையப் பக்கத்திலும் போடுங்கள். இரவோடு இரவாக அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போவார்கள். அதற்காக வாசலை நோக்கி ஒரு கேமரா வையுங்கள், கேமரா இருப்பதைப் போர்டிலேயே எழுதுங்கள். விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்து எழுதினால் பாதிப் பெட்டிகள் வராது. தொலைபேசியில் கூப்பிடுகிறவரிடம் ஒரே கேள்வி: “முதல் பில்லை நீங்கள் கட்டுகிறீர்களா, இல்லை குணமான பிறகு பத்து நாள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறீர்களா?” இரண்டுக்கும் முடியாது என்றால் அரசு கால்நடை மருத்துவமனைக்கு வழி சொல்லுங்கள். இதில் கல்நெஞ்சம் ஒன்றும் இல்லை. 63-ஆவது நாய்க்குப் போடும் சோறு உள்ளே இருக்கும் 62-இன் தட்டிலிருந்துதான் வருகிறது.

அடுத்தது, எண்ணிக்கையைக் குறைப்பது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாய் குறைந்தால் வாடகை குறையாது, சம்பளமும் குறையாது. குறைவது சோறும் மருந்தும் மட்டும், நாய்க்கு 680 ரூபாய் போல. இருபது நாய்கள் வெளியே போனால் மாதம் 13,500 ரூபாய் மிச்சம். முதலில் மாதத் துண்டு விழுவது நிற்கும், பிறகுதான் கடனைத் தொட முடியும்.

எந்த இருபது? வருடக்கணக்கில் உள்ளே இருந்த நாயைத் தெருவில் கொண்டுபோய் விடாதீர்கள். அதன் எல்லை போய்விட்டது, அந்தத் தெரு நாய்கள் குதறிவிடும். அவற்றுக்குத் தத்து மட்டும்தான் வழி. ஆனால் சமீபத்தில் வந்து, புண் ஆறி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் ஆன தெருநாயை எடுத்த இடத்திலேயே விடுவதுதான் முறை. 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை மட்டும் திரும்ப அங்கே விடக்கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைக் காட்டி உள்ளாட்சிகள் உங்களைப் போன்றவர்களிடம் நாய்களைத் தள்ளப் பார்க்கலாம். தலைக்கு மாதம் இவ்வளவு என்று எழுத்தில் வராமல் ஒன்றைக்கூட வாங்காதீர்கள். வாய்வார்த்தையாக “பார்த்துச் செய்யலாம்” என்பார்கள். செய்ய மாட்டார்கள்.

உள்ளே கருத்தடை ஆகாத பெண் நாய் இருந்தால் அது எல்லாக் கணக்கையும் கெடுக்கும். அறுபத்து மூன்று நாளில் ஆறு குட்டி. குட்டிக்கு மூன்று தவணை தடுப்பூசி என்றால் 18 ஊசி. ஊசி தவறினால் பார்வோ, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் பேதி.

பார்வோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பணம் அதிகம் ஒழுகுவது அங்கேதான். ஒரு குட்டிக்கு ஐந்திலிருந்து ஏழு நாள் டிரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, ஆன்டிபயாட்டிக், ஓயாத கவனிப்பு. ஒன்று வந்தால் தடுப்பூசி முடியாத மற்றவையும் வரிசையாக விழும். பினாயில் ஊற்றிக் கழுவினால் அந்த வைரஸ் சாகாது, மண்தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயில் பூனைகளுக்கு வேறு விஷம். முதலில் மலம், வாந்தி எல்லாவற்றையும் வழித்துச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். அழுக்கின் மேலேயே பிளீச் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கோடு போய்விடும். பலர் செய்யும் தவறு இதுதான். புதிதாக வருகிற எதையும் 14 நாள் தனியே வைக்க இரண்டு அறை வேண்டும், அதற்கென்று தனித் தட்டு, தனிச் செருப்பு, தனித் துடைப்பம். சிமெண்ட் தரை போட்ட இரண்டு அறைகளின் செலவை ஒரே ஒரு பார்வோ அலை விழுங்கிவிடும்.

மருந்துச் செலவில் இன்னொரு வழி: ஆர்எல் என்னும் டிரிப்ஸ் திரவம், மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக்குகள் போன்றவை மனிதர்களுக்கு விற்பதும் அதே மருந்துதான். மருத்துவரிடம் கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் சீட்டு எழுதச் சொல்லி, மத்திய அரசின் மலிவு மருந்துக்கடையான ஜன் ஔஷதியில் வாங்குங்கள். சீட்டில்லாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். பெரிய ஆபரேஷனுக்கு உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியையும் கேட்டுப் பாருங்கள்.

கல்யாண மண்டபத்துச் சோறு இலவசம் என்று யாராவது சொன்னால் வெறும் சோற்றை மட்டும் வாங்குங்கள். பிரியாணி எலும்பு, வெங்காயம் போட்ட குழம்பு, இனிப்பு எல்லாம் வந்தால் மறுநாள் பேதிக்கு டிரிப்ஸ் போட வேண்டிவரும். ரேஷன் அரிசி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் கடத்தல் வழக்கு. பிறந்தநாளுக்கு பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிறவர்களிடம் கூச்சப்படாமல் பழைய சாக்கும் பிளீச்சும் கேளுங்கள்.

இனி வரவு. படம் போட்டுக் கேட்கும் பணம் அந்த நாயோடு தீர்ந்துவிடும். அரிசிக்குக் கேட்டால் வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரிசிக்குத் தராதவர்கள் பெயர் உள்ள ஒரு நாய்க்குத் தருவார்கள். ஒரு நாய்க்கு ஐந்து பேர், ஆளுக்கு மாதம் 300. யுபிஐ ஆட்டோபே போட்டுவிட்டால் நீங்கள் மாதாமாதம் கெஞ்ச வேண்டியதில்லை, அவர்களும் மறக்க மாட்டார்கள். மாதம் ஒரு படம், நாலு வரி, அந்த மாத வரவுசெலவு. பாக்கியையும் மறைக்காமல் போடுங்கள். நாற்பது நாய்க்கு இருநூறு பேர் வேண்டும். ஒரு வருடம் பிடிக்கும், ஆனால் அதற்குப் பிறகு அக்காவின் நகை பெட்டியிலேயே இருக்கும்.

இந்தப் பணம் உங்கள் சொந்தக் கணக்கில் வரக்கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளை பதிந்து, அதன் பெயரில் பான், வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் நடைமுறையில் 12ஏபி என்று சொல்லும் அறக்கட்டளைப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு என்று போங்கள். 80ஜி வாங்கினால் பணம் கொட்டும் என்பது பழைய கதை. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவே கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடையாது. நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் தாக்கல் செய்யாவிட்டால் நாளுக்கு 200 ரூபாய் தண்டம்.

கனடாக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கையில் இந்தியப் பாஸ்போர்ட்டா, கனடியப் பாஸ்போர்ட்டா? இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பினால் தாராளமாக வாங்கலாம். கனடியக் குடியுரிமை எடுத்துவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். அவருடைய அப்பாவின் கணக்கு வழியாகச் சுற்றி வந்தாலும் அதேதான். அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று வருடம் நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும். இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

சிஎஸ்ஆர்? விலங்கு நலம் 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது, கேட்கலாம். ஆனால் கம்பெனிகள் பெயர் எழுதக்கூடிய பொருளைத்தான் விரும்பும்: ஆம்புலன்ஸ், கட்டடம். ஆம்புலன்ஸ் வந்தால் டிரைவர், டீசல், இன்சூரன்ஸ் என்று மாதச் செலவு ஏறும். அந்த இரண்டு சிமெண்ட் அறைகளைக் கேளுங்கள். தமிழக அரசு 2022-23 பட்ஜெட்டில் வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள் என்று 20 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் போய் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள். அந்தப் பணம் வந்தால் கடனை அடையுங்கள், மாத பட்ஜெட்டில் அதை எழுத வேண்டாம்.

மூடிவிடச் சொன்ன நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: மூடினால் 62-உம் எங்கே போகும்? பதில் இருக்காது. மருத்துவரிடம் மட்டும் நாளைக்கே போய்ப் பேசுங்கள். பாக்கிக்கு மாதம் ஐந்தாயிரம், புதுச் சிகிச்சைக்கு அன்றன்றைக்கே ரொக்கம் என்று எழுதிக் கொடுங்கள். போகும்போது கருத்தடை ஆகாத பெண் நாய்களின் பட்டியலையும் எடுத்துப் போங்கள்.