அமேசானில் பொருள் வாங்குவது அறத்துக்குப் புறம்பானதா?

வசதிக்காக அமேசானில் வாங்குவது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு என்று நான் சொல்லமாட்டேன். வெளியே நடமாட இயலாத ஒருவருக்கு வாசலில் வந்து சேரும் பொட்டலம் ஆடம்பரம் அல்ல. ஆனால் அந்த வசதிக்கு யாரோ ஒருவர் உழைப்பால் விலை கொடுக்கிறார்.

கிடங்குத் தொழிலாளி ஒரு பொருளை ஸ்கேன் செய்து அடுத்ததை ஸ்கேன் செய்யும் வரையிலான இடைவெளி நீண்டால், அது வேலை செய்யாத நேரமாகக் கணினியில் பதிவாகிறது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக் கிடங்கில் 2022 மார்ச் இறுதியில் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க வாக்களித்ததற்கு இத்தகைய நெருக்கடியும் ஒரு காரணம்.

இன்னொரு சிக்கல், சந்தையை நடத்துபவரே அதில் கடையும் விரித்திருப்பது. எந்தப் பொருள் எவ்வளவு விற்கிறது என்பது அவருக்குத் தெரியும் என்பதால், அதே பொருளைத் தானே மலிவாக இறக்கினால் சிறு வியாபாரியால் தாக்குப்பிடிக்க முடியாது. (பிற விற்பனையாளர்களின் வெளியிடப்படாத தரவுகளைத் தன் சில்லறை வணிகத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் அமேசான் உறுதியளித்தது.)

ஆகவே, விற்பவருக்குச் சொந்த இணையதளம் இருந்தால் நான் அங்கேயே வாங்குகிறேன். இல்லாவிட்டால், அவசரமில்லாத பொருளுக்கு மறுநாள் டெலிவரியைத் தேர்ந்தெடுப்பதில்லை.