வரலாற்றுத் தொடரும் பின்நவீனத்துவமும்: கோட்பாட்டைக் காட்சியோடு எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: நான் இறுதியாண்டு மாணவி. பினாங்கில் படமாக்கப்பட்ட ‘இந்தியன் சம்மர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரைப் பின்நவீனத்துவ நோக்கில், அதாவது ஒற்றை உண்மை, ஒற்றை வரலாறு என்பவற்றைச் சந்தேகிக்கும் நோக்கில், ஆராய்கிறேன். இரண்டாம் இயலில் லியோதார், போத்ரியார், ஜேம்சன், ஹட்ச்சன் ஆகிய கோட்பாட்டாளர்கள் நால்வரையும் விளக்கிவிட்டு, மூன்றாம் இயலில் தொடரின் கதையை எழுதினேன். “கோட்பாடு ஒரு பக்கம், தொடர் ஒரு பக்கம் நிற்கிறது” என்று மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படிச் சேர்ப்பது?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: மேற்பார்வையாளர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். நால்வரின் கருத்தையும் சுருக்கி எழுதி, அதன் கீழே கதையை வைத்தால் இரண்டும் ஒட்டாது. கோட்பாடு முதலில் உங்கள் கையில் ஒரு கேள்வியாக மாற வேண்டும். அந்தக் கேள்வியை ஒரு குறிப்பிட்ட காட்சியிடம் கேட்க வேண்டும். அப்போது யாருடைய கருத்தில் எந்தப் பகுதி தேவை, எதை விட்டுவிடலாம் என்பது தானாகத் தெரியும்.

அதற்குமுன் ஒன்றைத் தீர்மானியுங்கள். இந்தத் தொடரே ஒரு பின்நவீனத்துவப் படைப்பு என்று வாதிடப் போகிறீர்களா? இல்லை, யதார்த்தப் பாணியில் எடுத்த ஒரு தொடரைப் பின்நவீனத்துவக் கருவிகளைக்கொண்டு வாசிக்கப் போகிறீர்களா? இரண்டும் வேறு வேறு ஆய்வுகள். உங்களுக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. 2015இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பத் தொடங்கிய இந்தத் தொடர், 1932ஆம் ஆண்டுச் சிம்லாவில் தொடங்கி நேர்க்கோட்டில் கதை சொல்கிறது. தான் ஒரு புனைவு என்பதை அது பார்வையாளருக்கு நினைவூட்டுவதில்லை. வரலாற்றைச் சொல்லிக்கொண்டே, அந்த வரலாறு யாரால் எப்படி எழுதப்பட்டது என்பதையும் விசாரிக்கும் படைப்புகளைப் பற்றித்தான் லிண்டா ஹட்ச்சன் பேசினார். அந்தக் கருத்து இங்கே பொருந்தாது. பொருந்தாததற்கான காரணத்தை ஒரே பத்தியில் எழுதிவிட்டு அவரை விட்டுவிடுங்கள். கோட்பாட்டின் எல்லை தெரிந்த மாணவி என்ற மதிப்பு அந்தப் பத்தியாலேயே கிடைக்கும்.

ஜேம்சனைப் பல ஆய்வேடுகள் பின்நவீனத்துவத்தின் ஆதரவாளராகவே மேற்கோள் காட்டுகின்றன. அவர் மார்க்சியர், அந்தப் பண்பாட்டை விமர்சித்தவர். கடந்த காலம் வரலாறாக வராமல் உடை, வண்ணம், அறைகலன் என்று வெறும் தோற்றமாக நம்மிடம் விற்கப்படுகிறது என்பது 1984இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் கவலைகளில் ஒன்று. தொடரின் விருந்துக் காட்சிகளைப் பார்க்கும்போது இந்த ஒரு கவலையை மட்டும் மனத்தில் வைத்திருங்கள். கேமரா எதன்மீது அதிக நேரம் நிற்கிறது? பட்டுத் துணியின்மீதா, பரிமாறுகிறவரின் முகத்தின்மீதா? நிமிடம், நொடியோடு குறித்துவையுங்கள்.

லியோதாரின் பெருங்கதையாடல் என்பது எந்தப் பெரிய கதைக்கும் ஒட்டக்கூடிய பெயர் அல்ல. ஓர் அறிவுக்கோ ஆட்சிக்கோ நியாயம் கற்பிக்கும் கதைக்குத்தான் அவர் 1979இல் அந்தப் பெயரைத் தந்தார். “பிரிட்டிஷ் ஆட்சி நீதியைக் கொண்டுவந்தது” என்பது அப்படிப்பட்ட ஒரு கதை. தொடரில் ராமு சூட் என்ற இந்தியத் தோட்ட முதலாளி கொலைக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்படுகிறார். அந்தப் பகுதியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: இங்கே சட்டமே சந்தேகத்துக்கு உள்ளாகிறதா, அல்லது சில கெட்ட மனிதர்களின் சூழ்ச்சியாக விஷயம் சுருங்கிவிடுகிறதா? சுருங்கிவிடுகிறது என்றே நான் வாசிக்கிறேன். வில்லனின் முகம் தெரிந்தவுடன் அமைப்பு தப்பித்துக்கொள்கிறது. நீங்கள் மறுக்கலாம், ஆனால் காட்சியைக் காட்டி மறுக்க வேண்டும்.

உங்கள் ஆய்வின் உயிர் போத்ரியாரிடம் இருக்கிறது. காரணம், நீங்கள் கொடிமலை என்ற பினாங்கு மலையின் அடிவாரத்தில், ஆயர் ஈத்தாமில் இருக்கிறீர்கள்.

சிம்லா ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், தேவதாரு மரங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். திரையில் அதற்குப் பதிலாக நிற்பது 833 மீட்டர் உயரமுள்ள நம் கொடிமலை. ‘நாய்களுக்கும் இந்தியருக்கும் அனுமதியில்லை’ என்ற பலகை வைத்திருக்கும் ராயல் சிம்லா கிளப், உண்மையில் கொடிமலையின் பழைய கிராக் ஓட்டல். பின்னாளில் அங்கே அப்லண்ட்ஸ் பள்ளி நடந்தது. இதை எழுதிவிட்டு “எனவே இது போலிச் சிம்லா” என்று முடிக்கும் மாணவர்கள் உண்டு. போத்ரியார் சொல்வது அதுவல்ல. மூலம் இல்லாத நகலைப் பற்றி அவர் பேசுகிறார். ஆகவே அடுத்த கேள்விக்குப் போங்கள்: 1932இல் இருந்த சிம்லா எதன் நகல்? மால் சாலை, கிறிஸ்து தேவாலயம், 1887இல் திறந்த கெய்ட்டி நாடக அரங்கு என்று, இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றை இமயத்தில் கட்டிப் பார்த்த ஊர் அது. இன்னும் ஒரு படி மேலே போகலாம். சிம்லாவில் ஆங்கிலேயர் வீடு கட்டத் தொடங்கியது 1820களில். கொடிமலைக்கு அவர்கள் பாதை வெட்டியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. மலைவாசத்தலம் என்ற வகையில் நகலாக நிற்கும் மலைதான் வயதில் மூத்தது. மூலம் எது, நகல் எது என்று சொல்ல முடியாத இந்த நிலையை நீங்கள் ஆதாரத்தோடு காட்டினால், போத்ரியாரை விளக்கப் பத்துப் பக்கம் தேவைப்படாது.

இந்த இடத்தில் அவரை விட்டு இறங்கவும் வேண்டும். “எல்லாமே நகல்தான்” என்று நின்றுவிட்டால், அந்தப் பாதையை வெட்டிய கைகள் மறைந்துபோகும். இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து பினாங்கில் வேலை வாங்கினார்கள். 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கும்வரை வெள்ளைக்காரர்களை டோலியில் சுமந்து ஏற்றிய கூலிகள் இருந்தார்கள். அவர்கள் பட்ட பாடு நகல் அல்ல. தொடரின் கடைத்தெருக் காட்சிகளில் சிம்லா மக்களாக நடமாடுகிறவர்களில் நம் ஊர் மக்களும் இருக்கிறார்கள். பேரரசு கடல் கடத்திக் கொண்டுவந்தவர்களின் வழிவந்தோர் அதே பேரரசின் இன்னொரு மலையில் வசனமில்லாத கூட்டமாக நிற்பதைப் பற்றி வெளியூர் ஆய்வாளர் எழுத வாய்ப்பு குறைவு. நீங்கள் எழுத முடியும். இதை முடிவுரையில் ஒரு வரியாக ஒதுக்காமல் தனி இயலாகவே எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது வேலைக்கு வருவோம். கிளப் பலகை, ராமு சூட்டின் வழக்கு, கடைத்தெருக் கூட்டம் ஆகிய மூன்று காட்சிகள் போதும். ஒவ்வொன்றையும் கோட்பாட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாமல் முதலில் விவரித்து எழுதுங்கள்: கேமரா எங்கே நிற்கிறது, யார் பேசுகிறார், யார் பேசாமல் நிற்கிறார், என்ன ஒலி கேட்கிறது. பிறகு ஒரு காட்சிக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். பத்தியின் நடை இப்படி இருக்கலாம்:

“கிளப்பின் வாசலில் உள்ள பலகை இந்தியரை வெளியே நிறுத்துகிறது. ஆனால் அந்த வாசல் இருப்பது இந்தியக் கைதிகளைக்கொண்டு வேலை வாங்கிய தீவில். சிம்லாவுக்காக எழுதிய பலகை கொடிமலையிலும் பொருத்தமாக இருப்பதால், பேரரசின் மலைகள் ஒன்றையொன்று நகலெடுத்தன என்பதைத் தொடர் அறியாமலேயே காட்டிவிடுகிறது.”

கோட்பாட்டாளர் பெயர் இதில் ஓரிடத்திலும் இல்லை. வேலை மட்டும் நடக்கிறது. அடுத்த வரியில் பெயரைச் சொன்னால் போதும். இரண்டாம் இயலை மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள். கதைச்சுருக்கத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். கிராக் ஓட்டலின் வெளித்தோற்றத்தைத் தொடரில் வரும் அதே கோணத்தில் படமெடுத்து, இரண்டையும் பக்கம் பக்கமாகப் பின்னிணைப்பில் வையுங்கள். உள்ளே போக வேண்டுமானால் மலை ஏறுவதற்கு முன்பே எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள்.