சபாத் நாளில் அடுப்படி: கேள்வி பதில்

யூதர்களின் ஓய்வுநாளான சபாத், வெள்ளி மாலை சூரியன் மறையும் முன் தொடங்கி சனி இரவு நட்சத்திரம் தெரியும்போது முடிகிறது. அந்த நாளில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஓய்வுநாள் என்றால் உடம்புக்கு ஓய்வு. அடுப்பைப் பற்றவைப்பதில் என்ன உழைப்பு இருக்கிறது?

உழைப்பு அளவுகோலே இல்லை. சாப்பாட்டு மேசையை அறைக்கு அறை இழுத்துப் போடலாம், சட்டம் தடுக்காது. ஆனால் ஒரு தீக்குச்சியைக் கிழிக்கக் கூடாது. 'உங்கள் வீடுகளில் ஓய்வுநாளில் நெருப்பு மூட்ட வேண்டாம்' என்று வேதாகமத்தின் யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் நேராகவே சொல்கிறது. பாலைவனத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டத் தேவைப்பட்ட வேலைகளை அடிப்படையாக வைத்து, செய்யக் கூடாத 39 வகை வேலைகளை மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு பட்டியலிடுகிறது. ஒரு பொருளை வேறொன்றாக ஆக்கும் வேலைகள்தான் அதில் பெரும்பாலும். முதல் 11 வேலைகளைப் பாருங்கள்: விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டுக் கட்டுதல், போரடித்தல், தூற்றுதல், பொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல். வயலிலிருந்து ரொட்டி வரை வரிசையாக வந்துவிடுகிறது. சமையலறை விதிகள் முக்கால்வாசி இதிலிருந்தே கிளைத்தவை.

கேள்வி: அப்படியானால் சனிக்கிழமை முழுக்க ஆறிப்போன சாப்பாடுதானா?

இல்லவே இல்லை. சூடான சாப்பாடு சபாத்தின் மரியாதை. முந்தின நாளே சமைத்து, சூடு குறையாமல் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய யூதர் வீடுகளில் சோலெண்ட்: பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் ஒரே பானையில் வெள்ளி மதியம் ஏறும், சனி மதியம் இறங்கும். மொராக்கோ யூதர்கள் முழு முட்டைகளையும் உள்ளே போடுவார்கள். இரவெல்லாம் கிடந்து ஓடு கருத்து, வெள்ளைக்கரு பழுப்பேறி வரும். ஈராக் யூதர்களின் தபீத்தில் கோழிக்குள் அரிசி அடைத்திருக்கும்.

இதற்கும் வரம்பு உண்டு. சூரியன் மறைவதற்குள் சாப்பாடு குறைந்தது பாதியளவாவது வெந்திருக்க வேண்டும், நெருப்பும் மூடியிருக்க வேண்டும். கரி அடுப்புக் காலத்தில் தணலை வாரி வெளியே எடுப்பார்கள், அல்லது மேலே சாம்பல் தூவுவார்கள். மறதியாகக் கிளறித் தணலைத் தூண்டிவிடக் கூடாது என்பதே காரணம். இன்று கேஸ் அடுப்பின் மேல் தகரத் தகடு போட்டு, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழையும் மறைத்துவிடுகிறார்கள். இஸ்ரேலில் பல வீடுகளில் பிளாட்டா என்ற மின்தட்டு இருக்கும். அதில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ திருகே கிடையாது. அடுப்பில் இருக்கும் பானையைக் கிளறக் கூடாது. வற்றுகிறதே என்று பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

சூடான சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சண்டையும் இருக்கிறது. ரப்பிகள் எனப்படும் யூத மத அறிஞர்களின் வாய்மொழி மரபை ஏற்காத காராயர்கள் என்ற யூதப் பிரிவினர், முன்பே மூட்டிய நெருப்பும் எரியக் கூடாது என்றார்கள். அதனால் 12ஆம் நூற்றாண்டில் ஸெராஹியா ஹலேவி என்ற அறிஞர், சபாத்தில் சூடாகச் சாப்பிடாதவனின் நம்பிக்கையையே சந்தேகிக்க வேண்டும் என்று எழுதினார்.

கேள்வி: டீ குடிக்கலாமா?

குடிக்கலாம், போடும் முறைதான் வேறு. வெள்ளியன்றே கொதித்து சூட்டில் நிற்கும் பாத்திரத்திலிருந்து வெந்நீரை நேராக டீத்தூள் மேல் ஊற்றினால் அது சமையல். முதலில் ஈரமில்லாத ஒரு காலி கோப்பையில் பிடிக்கிறார்கள். நெருப்பில் இருந்த பாத்திரத்தின் சுவர் சூட்டைக் காக்கும், புதுக் கோப்பையின் சுவர் சூட்டை இழுக்கும். அதனால் இரண்டாம் பாத்திரத்தில் பல பொருள்கள் வேகாது என்பது கணக்கு. ஆனால் டீ இலை சட்டென்று வெந்துவிடும். ஆகவே பலர் மூன்றாவது கோப்பைக்கு மாற்றிய பிறகே டீப்பையை விடுவார்கள். எனக்குப் பிடித்தது இன்னும் பேணுதலான வழி: வெள்ளியன்றே கெட்டியாக டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிட்டு, கோப்பையில் பிடித்த வெந்நீரில் கலந்துகொள்வது. சுவையும் கெடாது, சந்தேகமும் இல்லை.

எந்தச் சூட்டிலிருந்து சமையல் என்று கேட்டால், கை சூடு பட்டு விலகும் வெப்பமே எல்லை. அதை 45 டிகிரி செல்சியஸ் என்று கொள்பவர்கள் பலர்.

கேள்வி: காய் நறுக்குவது, பழம் உரிப்பது?

சாப்பிட உட்காருவதற்குச் சற்று முன் செய்யலாம். பொடிப்பொடியாக நறுக்கினால் அரைப்பதற்குச் சமம், அதனால் துண்டுகள் பெரிதாக இருக்கட்டும். கலந்து கிடப்பதிலிருந்து வேண்டியதைக் கையால் எடுக்கலாம், அப்போதே சாப்பிடுவதற்கு மட்டும். வேண்டாததைப் பொறுக்கி எறியக் கூடாது. அரிசியில் கல் பார்ப்பதெல்லாம் வெள்ளிக்கிழமை வேலை. மீனில் முள் எடுப்பதும் பொறுக்கல்தான். முள் நீக்கி அரைத்துச் செய்யும் கெஃபில்டே மீன் சபாத் மேசைக்கு வந்ததற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள்.

கேள்வி: சூரிய ஒளியில் முட்டையை வேகவைத்தால்?

நேர் வெயிலில் வேகவைக்க, மிஷ்னாவையும் அதன் விளக்கங்களையும் கொண்ட தல்மூத் என்ற நூல் அனுமதிக்கிறது. வெயிலில் சூடேறிய மணலிலோ துணியிலோ வைத்து வேகவைப்பதை ரப்பிகள் தடுத்தார்கள், நெருப்பில் சூடானதோடு குழம்பிப்போகும் என்று. கலிலேயக் கடற்கரையிலுள்ள திபேரியாஸ் ஊர்க்காரர்கள் அங்குள்ள வெந்நீர் ஊற்று வழியாகக் குளிர்ந்த நீர்க் குழாயை ஓட்டிப் பார்த்தார்கள். அப்படி சபாத்தில் சூடாகும் நீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது என்று தீர்ப்பு வந்தது. இன்றைய சோலார் ஹீட்டர் பற்றிய வாதங்களுக்கு வேர் இங்கே இருக்கிறது.

கேள்வி: எருசலேமில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறேன். நான் யூதர் இல்லை. சனிக்கிழமை அவருக்குச் சுடச்சுட ஏதாவது செய்து கொடுத்தால் தப்பா, அக்கா?

நல்ல மனசு தம்பி, ஆனால் கேட்காமல் செய்யாதீர்கள். இந்தச் சட்டம் உங்களைக் கட்டாது. அவருக்கென்று நீங்கள் சமைத்ததை அவர் சபாத்தில் சாப்பிட முடியாது, அதுதான் சிக்கல். ஆசையாகக் கொண்டுபோய் வைத்தபின் அவர் மறுத்தால் இருவருக்கும் வருத்தம். நோயாளியாக இருந்தால் விதி இளகும். அவருக்குத் தேவையானதை யூதர் அல்லாதவர் சமைத்துத் தரலாம். உயிருக்கு ஆபத்து என்றால் சபாத்தே ஒதுங்கி நிற்கும். வீட்டு யூதர்களே ஒரு நொடி தாமதிக்காமல் எதையும் செய்ய வேண்டும், அது அவர்கள் கடமை.

எது எந்த நிலை என்று அந்தக் குடும்பம் தங்கள் ரப்பியிடம் கேட்டு வைத்திருக்கும். வேலையில் சேர்ந்த முதல் வெள்ளியே கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் வீணாகிறதே என்று பிளாட்டாவை அணைத்துவிடாதீர்கள். பால் பாத்திரமும் இறைச்சிப் பாத்திரமும் தனித்தனி, அது எல்லா நாளும்.

கேள்வி: பண்டிகை நாள்களுக்கும் இதே விதிகளா?

பெரும்பாலும் அதேதான், சமையலில் மட்டும் சலுகை. ஏற்கெனவே எரியும் நெருப்பிலிருந்து பற்றவைத்து அன்றைய சாப்பாட்டைச் சமைக்கலாம். பண்டிகை வெள்ளியில் வந்தால், தொடங்கும் முன்பே ரொட்டியும் வேகவைத்த முட்டையும் போல இரண்டை சபாத்துக்கென்று எடுத்துவைத்து, அதற்குரிய ஆசியைச் சொல்லிவிடுவார்கள். சபாத் சமையல் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மீதியைப் பண்டிகையன்று சமைக்கலாம். பாவநிவாரண நாளான யோம் கிப்பூருக்கு இந்தச் சலுகை கிடையாது, அன்று முழு உபவாசம்.