அலை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. ஆனாலும் அதில் ஊறியவர்கள் பலர் ‘இது விளையாட்டு இல்லை, வாழ்க்கை முறை’ என்கிறார்களே! நாள் முழுக்க அலையில் கிடப்பதில் என்ன தத்துவம் இருக்கிறது?

பதில்: நிறையவே இருக்கிறது. விளையாட்டா இல்லையா என்பதை முதலில் முடித்துவிடுவோம். போட்டியில் ஒவ்வொரு அலைக்கும் நடுவர்கள் 10-க்கு மதிப்பெண் போட்டு, சிறந்த இரண்டைக் கூட்டுகிறார்கள், ஆக விளையாட்டுதான். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே தூரம்; இங்கே ஒருவருக்கு வந்த அலை அடுத்தவருக்கு வராது, திறமை இருந்தும் நல்ல அலை கிடைக்காமலே தோற்கிறவர்கள் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் சர்ஃபிங்கை, பிரான்சிலேயே நீண்ட கடற்கரை இருந்தும், பசிபிக்கில் இருக்கும் தஹிதித் தீவுக்குக் கொண்டுபோனார்கள் என்றால் அங்கே எழும் அலைதான் காரணம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த அலை யாருக்குச் சொந்தம்? பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943-இல் பனிச்சறுக்கைப் பற்றி எழுதும்போது, சறுக்குவது என்பது அந்தப் பரப்பைத் தனதாக்கிக்கொள்வதுதான் என்றார். தடமே விடாமல் நீரில் சறுக்குவதை அதன் உச்சமாகவும் கருதினார். தடம் விடாதது சரி. தனதாக்கிக்கொள்வது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அலை எங்கே எப்படி உடையும் என்பதைக் கடலடியின் பாறையும் மணலும் காற்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன, சர்ஃபர் அதற்கேற்பக் கணத்துக்குக் கணம் தன்னை மாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அதனால்தான் கடலில் ஓர் எழுதாத சட்டம் இருக்கிறது: அலை உடையும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அவருக்கே அந்த அலை, மற்றவர்கள் குறுக்கே புகக் கூடாது. யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றைப் பங்கிட இது நல்ல ஏற்பாடு. ‘இது எங்கள் கடல்’ என்று உள்ளூர்க்காரர்கள் வெளியாட்களை விரட்டுவது பல நாடுகளில் நடக்கிறது, அது இந்த ஏற்பாட்டுக்கே துரோகம்.

அப்புறம், ‘கிடப்பது’ என்கிறீர்களே, அதைப் பற்றியும் பெரிய வாதம் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மாலிபு கடலில் நாள் முழுக்க சர்ஃபிங் செய்கிறவர் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், பொதுப்பணத்தில் உரிமை கோர முடியாது என்று அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1988-இல் எழுதினார். 1991-இல் பெல்ஜியத் தத்துவவாதி பிலிப் வான் பாரைஸ் அதை மறுத்தார். வேலைகளும் ஒருவகைப் பொதுச் செல்வம், எல்லோருக்கும் போதாத செல்வம், தன் பங்கை விட்டுக்கொடுக்கிறவருக்கு அதற்கு ஈடாக அடிப்படை வருமானம் (வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் எல்லோருக்கும் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கும் தொகை) தருவது நியாயம்தான் என்பது அவர் வாதம். நான் வான் பாரைஸ் பக்கம். வேலை தேடியும் கிடைக்காதவர்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது, ரால்ஸ் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.