அம்பாசடர் பிக்கப் புதுப்பிப்பு: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர் வட்டத்திலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலையிலிருந்தும் வந்தவை. ஏறக்குறைய எல்லோருமே தோப்பிலோ கொட்டகையிலோ கிடக்கும் பழைய அம்பாசடர் பிக்கப்பைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். வண்டி எந்த ஆண்டுடையது, பெட்ரோலா டீசலா, 1489 சி.சி. பழைய எஞ்சினா பின்னால் வந்த இசுசுவா என்ற எதையும் குறிப்பிடாமல் ‘வண்டி இழுக்கவில்லை, தீர்வு கூறவும்’ என்று ஒரு வரி எழுதியவர்களின் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். அவர்கள் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து மீண்டும் எழுதட்டும்.

கேள்வி: அப்பா ஓட்டிய 1984 பெட்ரோல் பிக்கப் பத்து ஆண்டுகளாகத் தோப்பில் நிற்கிறது. எஞ்சின் சுற்றவே இல்லை. கியரில் போட்டு டிராக்டரால் இழுத்தால் விட்டுக்கொடுக்குமா? (வேலந்தாவளம்)

பதில்: விட்டுக்கொடுக்கும், ஆனால் பிஸ்டன் அல்ல, ரிங்கும் கனெக்டிங் ராடும்தான் விட்டுக்கொடுக்கும். முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயில் பாதி, டீசல் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறத்தாழ 50 மில்லி ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். இடையில் ராக்கர் கவரைத் திறந்து, வால்வுகள் எட்டும் ஸ்பிரிங்கின் பலத்தில் மேலே வருகின்றனவா என்று மரச்சுத்தியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வால்வு ஒட்டிய நிலையில் எஞ்சினைத் திருகினால் புஷ் ராடு வளைந்துவிடும். பிறகு வண்டியோடு வந்த ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மாட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். அசைந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் உடனே ஸ்டார்ட் செய்யாமல், ஆயில் சம்பைக் கழற்றி அடியில் படிந்த கசடை வழித்தெடுத்து, புதிய ஆயில் விட்டு, எர்த் வயரை மீண்டும் மாட்டி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பின்பே பிளக்கை மாட்ட வேண்டும்.

கேள்வி: அடியில் வேலை செய்ய ஜாக்கியோடு இரண்டு ஹாலோ பிளாக் வைத்திருக்கிறேன். போதுமா? (மீனாட்சிபுரம்)

பதில்: போதாது. ஹாலோ பிளாக் எச்சரிக்கை இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். வாங்கும் வரை வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

கேள்வி: பின்பெட்டியிலும் கதவுக்குக் கீழே உள்ள பாகத்திலும் துரு. தெரிந்த டிங்கர் ஒருவர், பட்டி பூசி, ரெட் ஆக்சைடு அடித்து, நான்கே நாளில் புதிது போலத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: இந்தக் கேள்வி ஏதாவதொரு வடிவத்தில் ஒவ்வொரு முறையும் வருகிறது; நானும் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றே எழுதுகிறேன். லாரிக்கும் ஜீப்புக்கும் தனிச் சேசிஸ் உண்டு. அவற்றின் மேல்தகடு இற்றுப்போனாலும் வண்டி நிற்கும். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்த அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, குறுக்கே போகும் கிராஸ் மெம்பர் ஆகிய இவை சேர்ந்துதான் எடையைத் தாங்குகின்றன. பிக்கப்பில் கூரையின் பின்பாதியும் பின்தூண்களும் இல்லாததால் சில் பெட்டியின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் டார்ஷன் பாரின் பின்முனை கிராஸ் மெம்பரில்தான் பிடித்திருக்கிறது. பின்சக்கர ஸ்பிரிங் பிளேட்டுகளின் முன்முனையோ தரையோடு சேர்ந்த கொக்கியில் நிற்கிறது. அந்த இடங்களில் இரும்பு இல்லாமல் பட்டி மட்டும் இருக்குமானால், அரை டன் தேங்காயோடு ஒரு பள்ளத்தில் இறங்கும்போது என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் பகுதிக்கு இன்னொரு தனித் தொல்லையும் உண்டு. சித்தூரிலிருந்து கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குக் கள் ஏற்றிச் சென்ற வண்டிகள் பல இப்போது விற்பனைக்கு வருகின்றன. கன்னாசிலிருந்து (கள் கேனிலிருந்து) சிந்திய கள் புளித்து அசிட்டிக் அமிலமாகி, மரப்பலகைக்கு அடியில் ஆண்டுக்கணக்காக ஊறியிருக்கும். பொட்டாஷ் உரம் ஏற்றிய வண்டியிலும் இதே கதைதான், ஏனெனில் அது குளோரைடு உப்பு. மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். பலகையைத் தூக்கினால் தகடு அப்பளமாக உதிரும். ஆகவே பலகையைத் தூக்க அனுமதிக்காதவரிடம் வண்டி வாங்காதீர்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை சில்லின் நெடுகிலும் நகர்த்துங்கள். அது பிடிக்காமல் வழுக்கும் இடத்திலெல்லாம் தகட்டின் மேல் கனமாகப் பட்டி இருக்கிறது, அல்லது தகடே இல்லை. பிறகு பழைய ஸ்க்ரூ டிரைவரால் அடிப்பக்கத்தை அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டியே ஆக வேண்டும்.

வெட்டுவதற்கும் முறை இருக்கிறது. கதவைக் கழற்றிவிட்டு அந்த வாசலில் குறுக்குக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டு அடிக்காமல் சில்லை வெட்டினால் பாடி தொய்ந்துவிடும்; அதற்குப் பிறகு கதவு ஒருநாளும் சரியாக அடையாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. துரு தெரியும் இடம் வரை மட்டும் அல்லாமல், நல்ல இரும்பு மினுங்கும் இடம் வரை வெட்டிவிட்டு, சில்லுக்கும் தரைக்கும் 18 கேஜ் தகட்டை அளவாக மடித்து வையுங்கள். துருவின் மேலேயே ஒட்டுத்தகடு வைத்து வெல்டு அடிப்பவர், துருவை மறைத்துக் காட்டுகிறாரே தவிர நீக்கவில்லை. சாதாரண ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டை ஓட்டையாக்கிவிடும். சிஓ2 வெல்டிங்கில், விரல் அகலத்துக்குத் தையல் போட்டு, சூடு ஆறவிட்டு, வேறொரு இடத்துக்குப் போய்த் திரும்ப வர வேண்டும். பேட்டரியின் எர்த் வயர் கழற்றியிருக்க வேண்டும் என்பதை மறுபடியும் சொல்கிறேன். பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கவே கூடாது; காலி டேங்க் என்று அலட்சியமாக இருப்பவர்கள், நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்கே ஆபத்தானது என்பதை அறியவும்.

வெல்டிங் முடிந்ததும் எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலர், சில் பெட்டிக்குள் குழாய் விட்டு மெழுகு என்ற வரிசையில் செல்லுங்கள். சில்லின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். இவ்வளவும் முடிந்த பிறகு, மேற்பரப்பின் மேடுபள்ளத்தைச் சமன்படுத்த 2 அல்லது 3 மில்லிமீட்டர் பட்டி பூசி உப்புத்தாள் போட்டால் எனக்கு மறுப்பில்லை. பட்டிக்கு உரிய வேலை அவ்வளவுதான். நான்கு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னவருக்கு வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஸ்டியரிங் அடியில் உள்ள கியர் லிவரை ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது மாட்டிக்கொள்கிறது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டுமா? (ஆனைமலை)

பதில்: பிரிக்க வேண்டாம். எஞ்சின் பக்கம் இருக்கும் லிங்க் கம்பிகளின் முனையில் உள்ள புஷ் (வளையம்) தேய்ந்திருக்கும். புஷ்களை மாற்றி, நியூட்ரலில் கம்பிகளின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். சிறு செலவில் முடிய வேண்டிய வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் போகாதீர்கள்.

கேள்வி: இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுக்குமா? (பொள்ளாச்சி)

பதில்: எஞ்சினைவிட, எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழியைத்தான் அது முதலில் கெடுக்கும். 2025-இல் நாடெங்கும் 20 விழுக்காட்டுக் கலப்பு வந்துவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ், மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் ஆகியவை எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல; அவை உப்பும், மெழுகுபோல் இளகும், கடைசியில் கசியும். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் கசிந்தால் விளைவு உங்களுக்குத் தெரியும். எத்தனால் தாங்கும் ஹோஸையும் டயாஃப்ரத்தையும் கேட்டு வாங்கி மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், மழைக்காலம் முழுவதும் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் டேங்கைக் காலி செய்துவிடுவது நல்லது. இதோடு இன்னொன்று: வால்வு சீட்டைத் தேயாமல் காத்த, ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நின்றுபோனது. அதற்கு முன் ஓடி நின்ற எஞ்சினைப் பிரிப்பதாக இருந்தால், லேத்தில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடின இரும்பு சீட் போட்டு வாங்கிவிடுங்கள். பிறகு அதற்கென்றே ஹெட்டைக் கழற்றுவது வீண் செலவு.

கேள்வி: நல்ல நிலையில் அம்பாசடர் கார் ஒன்று கிடைத்திருக்கிறது. பின்சீட்டோடு வெட்டிப் பிக்கப் ஆக்க விரும்புகிறேன். பட்டறையில் ‘எல்லோரும் செய்வதுதான்’ என்கிறார்கள். (எருத்தேன்பதி)

பதில்: எல்லோரும் செய்த காலம் போய்விட்டது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைத் தெளிவாகச் சொன்னது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அதற்கும் மேலாக, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க நீங்களே காரணம் கொடுத்தவர் ஆவீர்கள். நல்ல காரைக் காராகவே விடுங்கள். பிக்கப்தான் வேண்டுமென்றால், ஆர்.சி.யில் பாடி வகை முன்பே சரக்கு வண்டியென்று பதிவான ஒன்றைத் தேடுங்கள். ஏற்கெனவே வெட்டிய வண்டியை வாங்கப் போகிறவர்களும் முதலில் அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும். அதில் கார் என்று இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் பிரேக் ஆயில் இல்லாததால் எஞ்சின் ஆயில் ஊற்றினேன். இப்போது பிரேக் விடுபடாமல் பிடிக்கிறது. (ஊர் குறிப்பிடப்படவில்லை)

பதில்: ஊரைக் குறிப்பிடாதது நல்லதாயிற்று. எஞ்சின் ஆயில் பட்ட ரப்பர் எல்லாம் ஊதிப்போயிருக்கும். மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கர சிலிண்டர்கள், ஹோஸ்கள் ஆகியவற்றின் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றி, குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவி, டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றுங்கள். அதுவரை வண்டியை வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

கேள்வி: பொள்ளாச்சிப் பதிவில் உள்ள 1972 பிக்கப்பைச் சித்தூரில் உள்ள தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாமா? பழமையான வண்டி என்று தனி நம்பர் வாங்க முடியுமா? (வண்ணாமடை)

பதில்: 12 மாதத்துக்கு மேல் கேரளத்தில் நிற்குமானால் இங்கே பதிவு மாற்ற வேண்டும். அதற்கு முன் அங்கே படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கையில் வரி ரசீதெல்லாம் இருக்கட்டும். 2021-இல் வந்த விதியின்படி, 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் அந்த எண்ணோடு அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் அது போன்றவற்றுக்கும்தான் எடுக்கலாம். தோட்டத்திலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் எண்ணம் இருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். பாடியோ எஞ்சினோ மாற்றப்பட்ட வண்டிக்கும் அது கிடைக்காது.

கேள்வி: டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. (கோபாலபுரம்)

பதில்: காற்று ஏறுகிறது. டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள இணைப்புகளை இறுக்கி, ஃபில்டரில் இருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்றுங்கள். அப்போதும் நின்றால் டேங்கினுள் இருக்கும் உறிஞ்சுகுழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வாளையாறு ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதிக்கிறது. புது ரேடியேட்டர் போட்டும் பயனில்லை. (வடகரப்பதி)

பதில்: நம் பக்கத்துப் போர் தண்ணீரைத்தானே இத்தனை ஆண்டும் ஊற்றினீர்கள்? அதன் உப்பு எஞ்சின் பிளாக்கினுள் படிந்து கிடக்கிறது. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயைக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஒரு சொட்டுக்கூட வராது. கம்பியை விட்டுக் குத்தினால் காவி நிறச் சேறு கொட்டும். தெளிந்த நீர் வரும் வரை ஹோஸால் எதிர்த்திசையில் அலசிவிட்டு, சுத்திகரித்த நீரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டை யாரேனும் கழற்றி எறிந்திருந்தால் அதையும் வாங்கித் திரும்பப் போடுங்கள்.