வெற்று நோட்டில் கையெழுத்து: கடன் பற்றிய கேள்விகள்

கேள்வி: 60,000 ரூபாய் பத்து வட்டிக்குக் கேட்டேன். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 54,000தான் கையில் தந்தார். தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கினார். இப்போது அதில் 2 லட்சம் எழுதி வழக்குப் போடுவேன் என்கிறார். (பொகவந்தலாவை)

பதில்: தொகை எழுதாத நோட்டை ஈடாக வாங்குவதே குற்றம். 1918ஆம் ஆண்டின் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டப்படி, வாங்கிய முதல் எவ்வளவு, முன்கூட்டியே பிடித்த வட்டி எவ்வளவு, வருட வட்டி வீதம் என்ன என்று நோட்டில் தனித்தனியாக இருக்க வேண்டும். வட்டி அநியாயமாக இருந்தால் நீதிமன்றம் முழுக் கணக்கையும் திரும்பப் பார்க்கலாம்.

ஆனால் நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். புரோநோட்டு வழக்கு பெரும்பாலும் சுருக்கமுறையில் போடப்படும். அழைப்பாணையில் குறித்த காலத்துக்குள் எதிர்வாதம் செய்ய நீதிமன்றத்திடம் அனுமதி கேட்காவிட்டால், உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். எத்தனையோ பேர் இப்படித்தான் தோற்றிருக்கிறார்கள், மனம் பொறுக்கவில்லை. அழைப்பாணை கிடைத்த அன்றே சட்டத்தரணியிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ போங்கள்.

கட்டிய பணத்துக்குத் துண்டு இல்லையா? சென்ற மாதம் என்னிடம் வந்த ஓர் அம்மா, கிழித்த கலண்டர் தாள்களைப் பால்மா டின்னில் போட்டுக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சம்பள நாளிலும் கொடுத்த தொகையைப் பென்சிலால் குறித்திருந்தார். அதுவும் சாட்சிக்கு உதவும். எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: மச்சானின் ஆட்டோ லீசிங்குக்குப் பிணை நின்றேன். அவர் கட்டவில்லை. என்னிடம் கேட்கலாமா? (தலவாக்கலை)

பதில்: கேட்கலாம். முதலில் கடன் வாங்கியவரிடம் கேள் என்று சொல்லும் உரிமை பிணைகாரருக்கு உண்டு. ஆனால் அச்சடித்த பத்திரத்தில் அந்த உரிமையைக் கைவிடுவதாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். உங்கள் பிரதியில் பாருங்கள். நீங்கள் கட்டினால் அந்தப் பணத்தை மச்சானிடம் சட்டப்படி திருப்பிக் கேட்கலாம்.

கேள்வி: கிறிப்பில் (கொடுகடன் தகவல் பணியகம்) கறுப்புப் பட்டியலில் இருக்கிறேனாம். உண்மையா? (பண்டாரவளை)

பதில்: கிறிப்பில் அப்படிப் பட்டியல் இல்லை. கடன் கட்டிய விபரம்தான் இருக்கும். கடன் தருவதா இல்லையா என்பதை வங்கிதான் முடிவு செய்யும். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: கிழமைக்கடன் குழுவில் ஒரு பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டாள். அவளுடைய தவணையையும் நாங்களே கட்டும்வரை போகமாட்டேன் என்று இரவு 8 மணி வரை லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். (மஸ்கெலியா)

பதில்: ஒருவருக்கொருவர் பிணை நிற்பதாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அந்தத் தவணைக்கு நீங்களும் பொறுப்பு. இல்லையென்றால் இல்லை. பத்திரம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் கேளுங்கள், வெட்கப்பட எதுவும் இல்லை. பொறுப்பு இருந்தாலும் வாசலில் குந்தி மிரட்ட யாருக்கும் உரிமை இல்லை. மத்திய வங்கியின் கீழுள்ள நிறுவனங்கள் கடன்காரரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளே வந்துவிட்டன. வந்தவரின் பெயர், திகதி, நேரம் எல்லாவற்றையும் குறித்து, முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் சரிவராவிட்டால் மத்திய வங்கிக்கு 1935இல் பேசுங்கள். கை நீட்டினாலோ வீட்டுக்குள் நுழைந்தாலோ காத்திருக்க வேண்டாம், நேரே பொலிஸுக்குப் போங்கள்.